கேட்டுக்கு உள்ளே ஓட்டுகிறவன்

1

எடைமேடை அறையில் அன்றைக்கு இருந்தவர்கள்:

கிடங்கு மேனேஜர். கையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை.

செக்யூரிட்டி சூப்பர்வைசர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், எல்லோருக்கும் ஹவில்தார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

எங்கள் டிரான்ஸ்போர்ட் முதலாளி அனுப்பிய செல்வம். வண்டிக்கு என்ன ஆனது என்று பார்க்க வந்தவர். ஆளுக்கு என்ன ஆனது என்று கேட்க அவருக்கு உத்தரவு இல்லை.

எடைமேடை கிளார்க். அவர் நாற்காலி உடைந்துவிட்டதால் நின்றுகொண்டிருந்தார்.

பாஷா. என்னோடு ஓடுகிற டிரைவர். யாரும் கூப்பிடாமலே சாட்சி சொல்ல உள்ளே வந்தவன்.

முனிரத்தினம். அந்தக் கிடங்கின் யார்டு டிரைவர்.

நான். தேவராஜ். வெளியில் இருந்து கன்டெய்னர் பெட்டி கொண்டுவரும் டிரெய்லர் டிரைவர்.

சுவர்கள் மூன்று. நாலாவது சுவர் அன்று காலை வரை இருந்தது.

இது நடந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். ஒன்பது வருடம் ஆகிறது. யார் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கு யாரும் எழுதவில்லை. நான் இப்போது இருக்கிற இங்கிலாந்தில் அதை எழுதாமல் எந்தக் கூட்டமும் தொடங்காது. போன மாதம் இங்கேயும் ஒரு அறையில் என்னை உட்கார வைத்தார்கள். முதலில் எல்லோர் பெயரையும் எழுதினார்கள். என் பெயருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு எழுதினார்கள். அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார்கள். மரியாதையான ஊர்.

அந்தப் பட்டியலைப் பார்த்தபோது கும்மிடிப்பூண்டிப் பட்டியல் பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன்.

நம் டிரைவர்கள் குழுவில் எல்லோரும் கேட்கிறீர்கள், ஃபாரினில் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கிறது என்று. சொல்கிறேன். ஆனால் அந்த மூன்று சுவர் அறையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அங்கே நான் சொன்ன ஒரு வார்த்தையில் முனிரத்தினத்துக்கு வேலை போனது. அந்த வார்த்தை பொய்.

2

என் மனைவி எஸ்தர் நர்ஸ். பொன்னேரிக்காரி. ஆங்கிலப் பரீட்சை எழுதி இங்கே ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியவள் அவள். விசாவில் அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. என் பெயருக்குப் பக்கத்தில் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருந்தார்கள். பதினெட்டு வருடம் நாற்பதடி டிரெய்லர் ஓட்டியதற்குக் கிடைத்த பட்டம்.

வந்ததும் நம் ஊர் ஹெவி லைசென்ஸை டிரைவிங் ஸ்கூலில் காட்டினேன். பேட்ஜையும் காட்டினேன். அங்கிருந்த பெண் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். அதோடு சரி. இங்கே அது செல்லாது. முதலில் இருந்து பரீட்சை எழுத வேண்டும்.

பரீட்சையில் ஒரு பகுதி, கம்ப்யூட்டரில் ரோடு ஓடும். ஆபத்து வருவது தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் தச்சூர் கூட்டு ரோட்டில் ஓட்டிப் பழகியவன். ஓரத்தில் ஆள் நின்றால் குறுக்கே வருவார் என்று தெரியும். நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் இருந்து ஸ்கூட்டர் கிளம்பும் என்று தெரியும். படுத்திருக்கிற நாய் எந்த நொடி எழும் என்றுகூடத் தெரியும். எல்லாவற்றுக்கும் அழுத்தினேன். நான் ஏமாற்றுகிறேன் என்று சொல்லி கம்ப்யூட்டர் மார்க்கை சைபர் ஆக்கியது. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் ஏமாற்றுக்காரன். ரோட்டில் ஆபத்தே தெரியாதவனுக்குத்தான் இங்கே லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும் போலிருக்கிறது.

ஆனால் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது; கம்பெனி கேட்டுக்கு உள்ளே ஓட்ட அந்த லைசென்ஸ் தேவையில்லை. சொந்த இடம். இரண்டு நாள் பயிற்சி கொடுத்து யார்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். டெலிவரி டிரைவர்கள் டிரெய்லரைக் கொண்டுவந்து கழற்றிவிட்டுப் போவார்கள். நான் அதை மாட்டி, ரிவர்ஸில் கொண்டுபோய், சரக்கு இறக்குகிற கதவோடு ஒட்ட வேண்டும். காலியானதும் வெளியே இழுக்க வேண்டும். கேட்டுக்கு உள்ளே இருந்தால் நான் டிரைவர். அதே வண்டியில் கேட்டைத் தாண்டிப் பத்தடி போனால் குற்றவாளி. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ரிவர்ஸ் எடுக்கிறேன். முன்னேறத்தான் வெளிநாடு வந்தேன்.

என் மகள் ஷீபாவுக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு வருகிற அரசாங்கக் கடிதம் எல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். ஒரு நாள் கேட்டாள்:

"அப்பா, நீ டிரைவரா, இல்ல வண்டியைப் பார்க் பண்றவரா?"

"டிரைவர்தான்."

"எங்க ஓட்டுற?"

"கம்பெனிக்குள்ள."

"அப்போ பார்க் பண்றவர்."

பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பா வேலை என்ற இடத்தில் 'வண்டி நிறுத்துமிடம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கீழே கையெழுத்து போட்டது நான்தான்.

3

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் பெட்டி ஏற்றினால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டித் தச்சூரில் பெரிய ரோட்டைப் பிடிப்போம். கவரைப்பேட்டை வழியாக சிப்காட். அந்தக் கிடங்கில் ஒரு விதி. வெளி டிரைவர் கேட்டுக்கு உள்ளே ஓட்டக் கூடாது. வண்டியை கேட்டில் நிறுத்தி, சாவியை யார்டு டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் உள்ளே கொண்டுபோய் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து கொடுப்பான். பாதுகாப்பு என்றார்கள். துறைமுகத்தில் இருந்து அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவனுக்குக் கடைசி இருநூறு அடி ஓட்டத் தெரியாது என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

நாங்கள் காத்திருக்க ஓய்வறை இருந்தது. நாலு கம்பம், மேலே தகரம், கீழே ஒரு பெஞ்சு. 'ஓட்டுநர் ஓய்வறை' என்ற போர்டு மட்டும் புதிது.

யார்டு டிரைவர் முனிரத்தினம். ஆரம்பாக்கம் பக்கம். வீட்டில் தெலுங்கு. குள்ளமான ஆள். அவன் என் வண்டியில் ஏறினால் சீட்டை ஸ்டியரிங் வரைக்கும் இழுத்துவிடுவான். திரும்ப நான் ஏறினால் முட்டி இடிக்கும். என் தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கும். பாட்டுப் பெட்டியில் தெலுங்குப் பாட்டு அலறும். ஒரு தடவைகூட பழையபடி வைத்தது கிடையாது.

எந்த வண்டியை முதலில் எடுப்பது என்பது அவன் கையில். வரிசை என்று ஒரு நோட்டு இருந்தது. அதை ஹவில்தார் எழுதுவார். முனி படிக்க மாட்டான். "நமஸ்காரம்ணா" என்று சொன்னவனுக்கு முதல் இடம். சும்மா சாவியை நீட்டியவனுக்கு அடுத்தது. பேசியவனுக்குக் கடைசி. நானும் பாஷாவும் பேசுகிறவர்கள்.

பாஷா பெஞ்சில் இருந்தபடியே கேட்பான்:

"இன்னா முனி, டாப் கியருன்னு ஒண்ணு கீது, கேள்விப்பட்டுக்கிறியா?"

"உன் வண்டில கீதா? நேத்து பூரா தேடினேன் நைனா, கெடைக்கல."

நான் சொல்வேன், "ரோட்டையே பாக்காத டிரைவரு இந்த நாட்லயே நீ ஒருத்தன்தான்யா."

"ரோட்ட பாத்தவனுங்கோ இன்னா கிழிச்சீங்க? என் கேட்டாண்டதான வந்து குந்திக்கினு கீறீங்க?"

பெஞ்சில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா அவனைப் பார்த்தா என்று அன்றன்றைக்குத் தெரியாது. வருடக்கணக்கில் இப்படித்தான். அவன் எங்களை மனிதனாக மதிக்கவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவனை நாங்கள் எப்படி மதித்தோம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

4

கேட்டுக்கு முன்னால் தரை கொஞ்சம் இறக்கம். மணிக்கணக்கில் நிற்கிற வண்டியில் காற்று இறங்கினால் பிரேக்கை நம்ப முடியாது. அதனால் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக் கல் வைப்போம். கேட்டோரம் நாலைந்து பெரிய கற்கள் அதற்கென்றே கிடந்தன.

கல்லை எப்போதும் வலது பக்கச் சக்கரத்துக்குத்தான் வைக்க வேண்டும். டிரைவர் ஏறுகிற பக்கம். அடுத்து ஏறுகிறவன் கண்ணில் பட வேண்டும், அவன் அதைக் காலால் தள்ளிவிட்டு ஏற வேண்டும். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை, ஹவில்தார் போர்டு வைத்தது இல்லை. அந்த கேட்டில் நாங்கள் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு வந்துவிட்டேன். நோட்டில் என் பெயர் இரண்டாவது. முனி எனக்குப் பின்னால் வந்த ஐந்து வண்டியை எடுத்துவிட்டான். பத்து மணிக்குப் போய்க் கேட்டேன்.

"என் வண்டி இன்னாய்யா ஆச்சி?"

"உன் பெட்டிக்கு பேப்பர் வர்ல."

"உன் கைல கீறது இன்னா?"

கையில் இருந்த காகிதத்தை அவன் மெதுவாகப் பார்த்தான். என் பெட்டியின் நம்பர்தான்.

"அட, ஆமா. நேரா ரோட்ட பாத்து பாத்து பழகினவனாச்சே, கொஞ்ச நேரம் கேட்டையும் பாக்கட்டுமேன்னு உட்டேன். அழகா இல்ல?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பாஷாவும் சிரித்தான். இந்தத் தடவை யாரைப் பார்த்து என்று தெளிவாகத் தெரிந்தது.

"அடுத்து உன்துதான். டீ குடிச்சிட்டு வரேன்" என்று போனான்.

நான் வண்டிக்குப் போனேன். வலது பக்கம் இருந்த கல்லை எடுத்தேன். அந்தப் பக்கம் சுற்றிப் போய் இடது பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். வண்டி நகராது. இரண்டு தடவை எஞ்சின் அணையும். பெஞ்சு சிரிக்கும். அப்புறம் அவன் இடது பக்கக் கண்ணாடியில் கல்லைப் பார்ப்பான், இறங்கித் திட்டுவான். கணக்கு சரியாகிவிடும்.

முனி வந்தான். வலது பக்கச் சக்கரத்தைப் பார்த்தான், கல் இல்லை. ஏறினான். சீட்டை இழுக்கிற சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பினான். எஞ்சின் அணைந்தது. மறுபடி. மறுபடி அணைந்தது.

"தள்ளி உடட்டா முனி?" என்று பாஷா கத்தினான்.

பெஞ்சு சிரித்தது. நான் நினைத்தபடி எல்லாம் நடந்தது. அவன் கண்ணாடியைப் பார்ப்பது மட்டும் நடக்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் கல்லின் மேல் ஏறி மறுபக்கம் விழுந்தது. பெட்டியோடு சேர்த்து அத்தனை டன்னும் இறக்கத்தில் ஒரு குதி குதித்தது. திறந்த கேட்டுக்கு நடுவில் ஹவில்தார் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். முனி ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி அவரை விட்டுவிட்டு எடைமேடை அறைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. கிளார்க் நாஷ்டாவுக்குப் போயிருந்தார். அவர் பசிக்கு நன்றி.

முனி இறங்கினான். ஹவில்தாரைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். வண்டியைச் சுற்றி நடந்து பின்னால் போனான். இடது பக்கம் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் காலால் எதையோ ஓரமாகத் தள்ளினான்.

என் கையில் டீ இருந்தது. குடித்து முடித்தேன்.

5

அரைமணி நேரத்தில் விசாரணை. வேறு அறை இருந்தது. ஆனால் மேனேஜர் இந்த அறைதான் வேண்டும் என்றார். சேதத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டுமாம்.

முதலில் என்னைக் கேட்டார்.

"கல்லு வெச்சிருந்தியா?"

"வெச்சேன் சார்."

"எந்தப் பக்கம்?"

"டிரைவர் பக்கம் சார். எப்பவும் போல."

"ஆமா சார், நான் பாத்தேன்" என்றான் பாஷா. அவன் ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் கேட்டுக்கு வெளியே இருப்பவனுக்கு கேட்டுக்கு வெளியே இருப்பவன்தான் சாட்சி. அது எங்கள் ஒற்றுமை.

மேனேஜர் முனி பக்கம் திரும்பினார்.

"கல்லு டிரைவர் சைடுல இருந்துச்சா?"

முனி என்னைப் பார்த்தான். நான் சுவர் இருந்த இடத்தைப் பார்த்தேன். அந்த வழியாக ரோடு நன்றாகத் தெரிந்தது.

"இருந்திச்சி சார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். எடுக்க மறந்து ஏறிட்டேன்."

கிளார்க்குக்கே பொறுக்கவில்லை. "கல்ல பாத்துட்டு எவனாவது வண்டி ஏறுவானா?" என்றார்.

"நான் ஏறினேன் சார்."

ஹவில்தார் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "சார், நான் நடுவுல நின்னேன். அவரு திருப்பலன்னா சுவத்துக்குப் பதிலா நான்."

"அதைத் தனியா பேசலாம்" என்றார் மேனேஜர். தனியாகவும் பேசவில்லை, சேர்ந்தும் பேசவில்லை.

நாளையில் இருந்து வர வேண்டாம் என்று முனியிடம் சொன்னார். செல்வம் வண்டியின் பம்பரைப் போட்டோ எடுத்தார். விசாரணை முடிந்தது.

முனி போகவில்லை. "சார், உள்ள நாலு வண்டி நிக்குது" என்றான். "நான் பூட்டா அத்த வெளிய எடுக்க ஆளு இல்ல. எடுத்து உட்டுட்டு போட்டா?"

மேனேஜர் யோசித்தார். ஓட்டத் தெரியாதவன் என்று அப்போதுதான் அனுப்பியிருந்தார். "சரி, ஜாக்கிரதையா எடு" என்றார்.

சாயங்காலம் வரை ஓட்டினான். நாலு வண்டியையும் எடுத்தான். கடைசியாக, சுவரில் இருந்து இழுத்து உள்ளே கொண்டுபோய் இறக்கிய என் வண்டி. பம்பர் தொங்கியபடி கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தான்.

"சீட்ட பின்னால தள்ளி வெச்சிக்கிறேன் நைனா."

ஏறிப் பார்த்தேன். சரியாக என் அளவுக்கு இருந்தது.

கல்லைப் பார்த்தேன் என்று ஏன் சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை. மடையன் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்வது வசதியாக இருந்தது. ஒன்பது வருடம் அதை மாற்றவில்லை.

6

இங்கே இப்போது யார்டு டிரைவர் நான். முனி செய்தது எல்லாம் செய்கிறேன். அவன் அளவுக்குச் சுத்தமாக வரவில்லை, ஆனால் முயற்சி செய்கிறேன். குட் மார்னிங் சொன்ன டிரைவருக்கு முதல் கதவு. ஜன்னலைக்கூட இறக்காதவனுக்குக் கடைசிக் கதவு. பேசுகிறவனுக்கு, கதவு எதுவும் காலி இல்லை.

பேசுகிறவன் கிரெக். வெள்ளைக்காரன், முப்பது வயது இருக்கும். "இந்த வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு உலகம் இருக்கிறது, பார்த்திருக்கிறாயா?" என்று கேட்பான். கேள்வி எனக்குப் பழையது. பாஷாவை இவன் பார்த்திருக்க வழியில்லை. கிரெக்கை ஒரு நாள் நாற்பது நிமிடம் நிற்க வைத்தேன். அவன் வேறு ஏதோ சொன்னான். அது எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று எஸ்தர் சொன்னாள்.

இங்கே கல் கிடையாது. டிரெய்லரைக் கழற்றுகிற டிரைவர் ஒரு சிவப்புப் பொத்தானை இழுத்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் டிரெய்லருக்குப் பிரேக். அதை இழுக்காமல் போனாலும் குழாய் கழன்றிருக்கும் வரை டிரெய்லர் நிற்கும்; நான் என் வண்டியை மாட்டிக் காற்றுக் குழாயைச் செருகியதும் பிரேக் விட்டுவிடும். அதனால் நானும் குழாயைச் செருகும் முன் பொத்தானைப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் விதி. நாற்பது நிமிடம் காத்திருந்த அன்று கிரெக் பொத்தானை இழுக்காமல் போனான். நான் பார்க்காமல் செருகினேன். என் கைபிரேக்கும் அரைகுறையாகத்தான் போட்டிருந்தேன். டிரெய்லரும் என் வண்டியும் சேர்ந்து போய் வேலிக் கம்பத்தில் சாய்ந்தன. யாருக்கும் அடி இல்லை. கம்பத்துக்கு ஒரு கோப்பு திறந்தார்கள்.

நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஷீபாதான் டைப் அடித்தாள். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில்.

"பட்டன் வெளிய இருந்துச்சா, உள்ள இருந்துச்சா?"

"பாக்கல."

"உன் கம்பெனி யூனியன் அங்கிள் என்ன சொன்னாரு? ஞாபகம் இல்லன்னு சொல்லச் சொன்னாருல்ல? அப்படியே போடவா?"

"பாக்கலன்னு போடு."

"அப்பா, உனக்குத்தான் பிராப்ளம் ஆகும்."

"ஆவட்டும்."

அப்படியே டைப் அடித்தாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது இந்த வருடத்திலேயே நீளமான பேச்சு.

கூட்டத்தில் எனக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் வைத்திருந்தார்கள். மேனேஜர் அம்மா, பிரேக்கைப் பார்த்தாயா என்று மூன்று வார்த்தையில் கேட்டார். எனக்குப் புரிந்தது. போனில் குரல் சொன்னது: "தாங்கள் இணைப்பை ஏற்படுத்துவதற்கு முன்னதாக நிறுத்துத்தடையின் நிலையினை உறுதிசெய்தீர்களா?" இது எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷிலேயே 'நோ' என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து கிரெக்கைக் கேட்டார்கள். பொத்தானை இழுத்தாயா?

"இழுத்தேன். எப்பவும் போல" என்றான்.

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே கார்கள் நின்றன. பார்க்க ஒன்றும் இல்லை. அவன் எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அவன் பொய் சொல்கிறான் என்று சொல்ல அந்த அறையில் எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருடத்துக்கு. பொத்தானைப் பார்ப்பது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி. கிரெக்குக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் என் தோளில் தட்டி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

முனி என்னை அப்படித் தட்டவில்லை. சீட்டைத்தான் தள்ளி வைத்தான்.

7

பாஷாவுக்குப் போன் செய்து முனியின் நம்பர் கேட்டேன். பாஷா இன்னும் டிரெய்லர்தான் ஓட்டுகிறான்.

"இன்னாத்துக்குடா இப்போ? செத்த பாம்ப அடிக்கப் போறியா?"

"கொடுடா."

"நம்பர் கீது. ஆனா நீயே வெச்ச கல்லு, நீயே போய் கால இடிச்சிக்காத."

அப்போதுதான் தெரிந்தது, பாஷாவுக்கும் தெரியும் என்று. "உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"பெஞ்சில குந்திக்கினு இருந்த எல்லாருக்கும் தெரியும். நீ சுத்திக்கினு அந்தப் பக்கம் போனது இன்னா, ஒண்ணுக்கு இருக்கவா?"

எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தை ஒன்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தவன் நான்.

இங்கே காலை டீ நேரம், அங்கே மதியம் தாண்டிவிட்டது. யார்டு வண்டிக்குள் உட்கார்ந்து போட்டேன்.

"அல்லோ, யாரு?"

"அண்ணே, தேவராஜ். சிப்காட்டு. டிரெய்லரு."

"எந்த தேவராஜு?"

"செவுரு."

"ஓ, செவுத்துக்காரனா!" சிரிப்பு. "ஃபாரின்ல கீறியாமே. இன்னா ஓட்ற?"

"யார்டு வண்டிண்ணே."

சிரித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். இதுவரை அவன் என்றுதான் எழுதியிருக்கிறேன். அப்போது அப்படித்தான் சொன்னோம். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் பெரியவர். அண்ணே என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

"நல்லா வேணும் உனுக்கு" என்றார். "வெளிய கீறவன் இன்னா சொல்றான்? ரோடு பாக்காத டிரைவருன்றானா?"

"சொல்றான்."

"நிக்க வெய்யி."

"வெக்கிறேன்ணே." நிறுத்திவிட்டுச் சொன்னேன். "அண்ணே, அன்னிக்கு கல்ல எடது பக்கம் வெச்சது நான்தான். வேணும்னேதான் வெச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"எறங்கிப் பாத்தேன் இல்ல? வலது பக்கம் கீற கல்லு எடது பக்கம் போவணும்னா, அது இன்னா நடந்தா போச்சி?"

"அப்புறம் ஏன்ணே சொல்லல? சொல்லியிருந்தா என் வேலதான போயிருக்கும்?"

"சொன்னா அடுத்து இன்னா கேப்பான்? எடது கண்ணாடில பாத்தா தெரிஞ்சிருக்குமே, ஏன் பாக்கலன்னு கேப்பான்." குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும். "எனுக்கு எடது கண்ணு இல்ல நைனா. அந்த கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பூட்ச்சி. ஹெவி லைசென்சுக்கு டாக்டரு கையெழுத்து போட மாட்டேன்ட்டாரு. அதனாலதான கேட்டுக்கு உள்ளயே குந்திக்கினு இருந்தேன். மறதிக்காரன்னு அனுப்பினா வேற யார்டுக்குப் போலாம். கண்ணு இல்லாதவன்னு அனுப்பினா எங்க போறது?"

அவர் பார்க்க முடியாத அந்த ஒரே பக்கத்தில்தான் நான் கல்லை வைத்திருக்கிறேன்.

"நீ ஒண்ணும் பேஜாராவாத" என்றார். "தெரிஞ்சா வெச்ச?"

"தெரியாதுண்ணே."

"அப்போ உடு."

"இப்பவும் ஓட்றியாண்ணே?"

"ஓட்டிக்கினுதான் கீறேன். எவனாவது கண்டுபுடிக்கிற வரைக்கும் ஒரு எடம். கண்டுபுடிச்சா அடுத்த எடம். அங்க பத்து வருசம் ஒரே கேட்ல இருந்தேன். அந்த கேட்ல எல்லாம் கை பழக்கம், கண்ணே வாணாம். புது எடத்துல சீக்கிரம் மாட்டிக்கிறேன்."

"அதுக்கப்புறம் எத்தினி யார்டுண்ணே?"

"அதெல்லாம் யாரு எண்ணினா?" என்றார். ஆனால் எண்ணினார். புதுவாயலில் ஒன்று. காக்களூரில் ஒன்று. தடாவில் இரண்டு. மீஞ்சூரில் ஒன்று, பதினோரு நாள். பெரியபாளையம் ரோட்டில் ஒன்று. இப்போது நிற்பது ஒன்று.

ஒன்பது வருடத்தில் ஏழு.